கையொப்பமிட்ட எல்லாமே ஒப்பந்தம் ஆகாது

"கையொப்பம் வைத்தாயிற்று, இனிச் செய்வதற்கு என்ன இருக்கிறது?" இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களோடு காணி பற்றியோ கடன் பற்றியோ பேசத் தொடங்கினால் பேச்சு பெரும்பாலும் இந்த வார்த்தையில் வந்து நின்றுவிடுகிறது. எமது மக்கள் எழுத்துக்கு மதிப்புக் கொடுப்பவர்கள். நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிட்ட தாளைத் தலைவிதியைப் போலவே ஏற்றுக்கொள்கின்றனர். அத்தாளில் பொய் இருந்தாலும் சரி, அவர்கள் பயந்த நிலையில் கையெழுத்திட்டிருந்தாலும் சரி, அதைக் கேள்வி கேட்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை.

உண்மையில் சட்டம் எல்லாக் கையொப்பங்களையும் தாங்கிப் பிடிப்பதில்லை. ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லாதவர் இட்ட கையொப்பம், பொய் சொல்லிப் பெற்ற கையொப்பம், பயமுறுத்திப் பெற்ற கையொப்பம், சட்டம் தடைசெய்த காரியத்துக்காக இட்ட கையொப்பம், சட்டம் கேட்கும் வடிவத்தில் அமையாத எழுத்து ஆகியவை நீதிமன்றத்தில் நின்று பிடிக்காமற் போகலாம். எனினும் இந்த வாசல்கள் சொந்த ஊரில், தன் உறுதிகளைத் தன் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு வாழும் மனிதரை மனதிற் கொண்டு அமைக்கப்பட்டவை. ஊரை விட்டு ஓடியவருக்கு அவை மிகவும் ஒடுங்கியவை. ஆகவே இந்த வாசல்களை நாம் அறிந்திருக்க வேண்டும்; அவற்றை அகலத் திறக்கும்படி அரசைக் கேட்கவும் வேண்டும்.

கொழும்பில் எழுதப்பட்ட உறுதிகள்

1983 ஜூலைக்குப் பின்னர், 1990இல், 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய வலிகாம இடப்பெயர்வின் பின்னர், 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது என அலை அலையாக எமது மக்கள் கொழும்புக்கு வந்தனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளிலும், உறவினர் வீடுகளின் முன் விறாந்தைகளிலும் தங்கினர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் கொட்டில்களில் ஒதுங்கின. உழுத நிலம் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. ஆனால் நாளாந்தச் செலவும், மருத்துவச் செலவும், மகனை வெளிநாடு அனுப்பும் ஏஜென்ற்றின் கூலியும் கண்முன் நின்றன. விற்பதற்கு இருந்தது காணி ஒன்றுதான்.

காணியைக் காணாமலே வாங்கவும் ஆட்கள் இருந்தனர். தரகர் லொட்ஜுக்கே வந்தார். உறுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. வாசித்து விளங்கப்படுத்தப்பட்டதா என்பது பலருக்கு நினைவில்லை. 2007 ஜூன் 7ஆந் திகதி விடியுமுன், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்திலிருந்து அகற்றப்பட்டதை நாம் மறக்கவில்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஓரிரவில் அறையை விட்டு இறக்கப்படக் கூடியவர் விலை பேசும் மேசையில் என்ன பலத்தோடு அமர்ந்திருப்பார்? இக்கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே சட்டத்தைப் பார்ப்போம்.

யாருக்குத் தகுதி இல்லை?

இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படை உரோம-ஒல்லாந்தச் சட்டமாகும். வயதுக்கு வராதவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் பழைய விதி. இந்த வயது 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால் 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே 1987இல் 19 வயதில், திருமணமாகாத நிலையில் ஒருவர் கையொப்பமிட்டிருந்தால் அன்றைய சட்டப்படி அவர் வயதுக்கு வராதவர். உறுதியைப் பார்க்கும்போது திகதியையும் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இதைவிட அடிக்கடி நேர்வது பிள்ளைகளின் பங்கு பற்றிய சிக்கல். போரில் தகப்பன் இறந்துவிட்டால் அவருடைய காணியில் பிள்ளைகளுக்கும் உரிமை சேருகின்றது. வயதுக்கு வராத பிள்ளையின் காணியை விற்க மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி தேவை. தாயோ பேரனோ அந்த அனுமதியின்றிப் பிள்ளையின் பங்கையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பங்கைப் பொறுத்தவரை உறுதி கேள்விக்குரியது. வாங்கியவருக்கும் இது பாடம். பிள்ளைகள் உண்டா, அவர்களின் வயதென்ன என்று கேளாமல் வாங்கிய காணி பின்னொரு நாள் வழக்காகும்.

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணின் நிலை வேறு. தன் சொந்தச் சீதனக் காணியைக் கையளிப்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவன் கைவிட்டிருந்தால், இருக்குமிடம் தெரியாதிருந்தால், அல்லது காரணமின்றிச் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அச்சம்மதத்துக்கு விலக்குப் பெறவும் அதே சட்டம் வழி வைத்தது. கணவன் காணாமற்போன எத்தனையோ தாய்மாருக்கு இந்த வழியை எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போரிலே துணையை இழந்தவள், தன் தாய் தந்த நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டே கையாள முடியாது நின்றது எமது சமூகத்தின் வெட்கம் என்றே நாம் கருதுகிறோம். அத்தகைய காணியை விற்கவோ ஈடு வைக்கவோ முன், எழுதும் நாளில் நடைமுறையில் உள்ள விதியைச் சட்டத்தரணியிடம் கேட்டறியுங்கள்.

வெளிநாட்டில் உள்ள உறவினரின் அற்றோணித் தத்துவத்தோடு விற்பவர்களும் உண்டு. தத்துவம் கொடுத்தவர் இறந்த அன்றே அது செத்துவிடுகிறது. அதன்பின் அதைக் காட்டி எழுதும் உறுதிக்கு உயிரில்லை. வாங்குவோர், கொடுத்தவர் உயிரோடு இருக்கின்றாரா என்று விசாரிப்பதில் வெட்கப்படத் தேவையில்லை.

பொய்யும் பயமும்

ஒருவர் உண்மைக்கு மாறான ஒன்றைச் சொல்லி, அதை நம்பி மற்றவர் ஒப்பந்தம் செய்தால், ஏமாந்தவர் அதை இரத்துச் செய்யும்படி கேட்கலாம். ஆனால் சொல்லப்பட்டது நடப்பில் உள்ள விடயமாக இருக்க வேண்டும். "ஆமி இனி ஒருநாளும் விடாது" என்று தரகர் சொல்வது ஓர் ஊகம். "உங்கள் காணி அரசுக்கு எடுபட்டுவிட்டது, என் கையில் கடிதம் இருக்கிறது" என்று பொய் சொல்வது வேறு. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. அறிவித்தல் ஒட்டப்படுவது காணி எடுபட்டதாகாது. அங்கே பல பகுதிகள் பின்னர் உரியவர்களிடம் விடுவிக்கப்பட்டதை நாம் கண்டோம். ஆகவே எவராவது உங்கள் காணி போய்விட்டது என்று சொன்னால் பிரதேச செயலகத்தில் விசாரித்த பின்னரே பேனாவைத் தொடுங்கள்.

ஈடு என்று சொல்லி அறுதி உறுதியிற் கையொப்பம் வாங்குவது மிகக் கொடிய பொய். கடன் கொடுப்பவர், "பாதுகாப்புக்காக எழுதி வைப்போம், பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்" என்கிறார். திருப்பி எழுதித் தருவதாகச் சொன்ன வாய்ச்சொல்லுக்குத் தனியே சட்ட வலு இல்லை. ஏனெனில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை, ஈடு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, இவற்றைச் செய்வதாக உடன்படுதல் ஆகிய யாவும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்க எழுதப்பட வேண்டுமெனக் கேட்கின்றது. மோசடியைத் தடுக்கவே எழுந்த சட்டத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மோசடி செய்பவர்கள் இருக்கின்றார்கள்.

இங்கே மக்கள் அறியாத ஒரு பாதுகாப்பு உண்டு. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி, காணியை எழுதிக் கொடுத்தவர் அதன் பயனை உண்மையில் கைவிட எண்ணவில்லை என்பது சூழ்நிலைகளிலிருந்து தெரிந்தால், எழுதி வாங்கியவர் அதைக் கொடுத்தவரின் நன்மைக்காக வைத்திருப்பவராகவே கொள்ளப்படுவார். 1994இல் தீர்க்கப்பட்ட பிரேமாவதி எதிர் ஞானாவதி வழக்கில், நொத்தாரிசு முன் எழுதப்படாத ஒரு வாக்குறுதியோடு கைமாறிய காணி விடயத்தில் உயர் நீதிமன்றம் இவ்வாறே கண்டது. விலை மிகக் குறைவாக இருந்ததா, எழுதிய பின்னரும் காணியில் யார் இருந்தார், நொத்தாரிசுக் கூலியை யார் கட்டினார் என்பவற்றை நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

இந்த இடத்திலேதான் இடம்பெயர்ந்தவரின் துயரம் தெரிகின்றது. "எழுதிய பின்னும் காணியில் நானே இருந்தேன்" என்று ஊரில் உள்ளவர் சொல்லலாம். லொட்ஜ் அறையில் இருந்தவர் எதைச் சொல்வார்? காணியில் இராணுவமோ, இயக்கமோ, வேறு இடம்பெயர்ந்த குடும்பமோ இருந்திருக்கும்.

பாதி விலைக்கும் குறைவாக விற்றோர் பற்றியும் ஒரு பழைய விதி உண்டு. விற்ற நாளில் இருந்த உண்மைப் பெறுமதியின் பாதியிலும் குறைவாக விற்றவர் விற்பனையை மீட்கக் கேட்கலாம்; வாங்கியவர் விரும்பினால் குறைந்த தொகையைக் கொடுத்துக் காணியை வைத்துக்கொள்ளலாம். இதே சட்ட மரபைக் கொண்ட தென்னாபிரிக்கா 1952இல் இவ்விதியை நீக்கிவிட்டது. இலங்கை நீதிமன்றங்கள் இதனை ஏற்று வந்துள்ளன. ஆனால் பெறுமதியை அறிந்துகொண்டே குறைவாக விற்றவருக்கு இது உதவாது. மேலும் ஷெல் விழும் ஊரில் வாங்க ஆளில்லாத நாளின் பெறுமதி என்ன? அந்நாளின் விலையே அதுதான் என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

பயமுறுத்தலும் இப்படியே. மிரட்டி வாங்கிய கையொப்பத்தைச் சட்டம் ஏற்பதில்லை. எனினும் இந்த ஒப்பந்தத்துக்கு உடன்படும்படி உங்களை மிரட்டியவர் யார் என்று அது கேட்கும். பசி மிரட்டியது, சுற்றிவளைப்பு மிரட்டியது, மகன் பிடிபடுவான் என்ற ஏக்கம் மிரட்டியது என்று சொன்னால் அதற்குப் பிரதிவாதி கிடையாது.

சட்டம் தடுத்த காரியங்கள்

வன்னியிலும் கிழக்கிலும் எமது விவசாயிகள் பலரிடம் உள்ளது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கிடைத்த பேர்மிட் காணி. உரிய அதிகாரியின் எழுத்து மூல அனுமதியின்றி அதைக் கைமாற்றினால் அக்கைமாற்றம் வெற்றானது, அதாவது தொடக்கத்திலிருந்தே செல்லாதது. வெள்ளைத் தாளில் எழுதிப் பேர்மிட்டையும் கையிற் கொடுத்துப் பணம் வாங்குவது பரவலாக நடந்துள்ளது. இதனால் இரு பக்கமும் நட்டம். விற்றவர் பேர்மிட்டை இழக்கும் ஆபத்துக்கு ஆளாகிறார். வாங்கியவர், அவரும் அநேகமாக இன்னொரு இடம்பெயர்ந்தவர், கையிலிருந்த காசைக் கொடுத்து ஒன்றுமில்லாத ஒரு தாளைப் பெறுகிறார்.

ஏஜென்ற் மூலம் களவாக வெளிநாடு போவதற்குச் செய்த ஒப்பந்தமும் இவ்வகையே. சட்டவிரோதமான காரியத்துக்குக் கொடுத்த பணத்தை, "பேசியபடி செய்யவில்லை" என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. இருவரும் ஒரே குற்றத்தில் கூட்டாக நின்றால் நீதிமன்றம் இருவருக்கும் கை கொடுக்காது. ஆனால் தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கத்தோடு பணம் பறித்தவர் மீது பொலிஸ் முறைப்பாடு செய்யலாம். வேலைவாய்ப்புக்கு அனுப்புவதாகச் சொல்பவரிடம், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள். காணியை விற்ற பணம் இப்படிப் போகும்போது ஒரே குடும்பம் இரண்டு முறை இழக்கின்றது.

கடன் சீட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி, கடனுக்கு ஈடாக வாங்கும் வாக்குறுதிச் சீட்டில் உண்மையிற் கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த வட்டி, வட்டி வீதம் ஆகியன தனித்தனியே எழுதப்பட வேண்டும். வேண்டுமென்றே அவற்றை மறைத்த சீட்டின் பேரில் பணம் கேட்க முடியாது. தொகை எழுதாத வெற்றுச் சீட்டிற் கையொப்பம் வாங்குவது கடன் கொடுப்பவர் செய்யும் குற்றமாகும். வட்டி மிதமிஞ்சி, நடந்தது கொடுமையான கொடுக்கல் வாங்கலாக இருந்தால், கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. விளைச்சலை வியாபாரிக்கு விற்கும்போதும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். ஒரு சிறு துண்டிலாவது எழுதி ஒப்பம் வாங்குங்கள், அல்லது முற்பணமாவது பெறுங்கள். கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்கிடச் சட்டம் தருவது ஓராண்டுதான்.

சட்டம் எதைச் செய்யவில்லை?

போர் எமது உரிமைகளைப் பாதித்தது என்பதை அரசு ஒருமுறை ஏற்றுக்கொண்டது. 10 ஆண்டுகள் தடையின்றிப் பிறர் காணியை ஆண்டவருக்கு உரிமை சேரும் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடாதிருக்க வழிசெய்தது. வழக்கிடுவதற்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்தது. ஊர் திரும்பி, பற்றை வெட்டி, உறுதிப் பிரதி தேடி, சட்டத்தரணியைக் கண்டு வருவதற்குள் இரண்டு ஆண்டுகள் போய்விடும். எனினும் நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம் என்று அதை மதிக்கிறோம்.

ஆனால் அது பிறர் வந்து பிடித்த காணிக்கு மாத்திரமே. நெருக்கடியில் எம் கையாலேயே எழுதிக் கொடுத்த காணியை அது தொடவில்லை. இதைச் செய்த நாடுகள் உண்டு. காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்தோரின் அசையாச் சொத்துகள் நெருக்கடி விலைக்குப் போவதைத் தடுக்க அம்மாநிலம் 1997இல் ஒரு சட்டம் இயற்றி, அரசின் அனுமதியின்றி அவற்றை விற்பதைத் தடைசெய்தது. பொஸ்னியாவில் போர்க் காலக் கைமாற்றம் பற்றித் தகராறு எழுந்தால், அது மனமொப்பி நடந்தது என்பதை வாங்கியவரே நிரூபிக்க வேண்டும் என்று விதி மாற்றப்பட்டது. அகதிகளின் வீடு, காணி மீளளிப்புப் பற்றி 2005இல் ஐ.நா. மட்டத்தில் ஏற்கப்பட்ட பின்ஹெய்ரோ கோட்பாடுகளும் வற்புறுத்திப் பெற்ற கைமாற்றங்களை அரசுகள் ஏற்கலாகாது என்கின்றன.

நாம் கேட்பது, போர்க் காலத்தில் எழுதிய எல்லா உறுதிகளையும் கிழித்தெறியும்படி அல்ல. வாங்கியவர்களிலும் நேர்மையானவர்கள் இருக்கின்றார்கள். கடன்பட்டு வாங்கி வீடு கட்டியவர்களும் இருக்கின்றார்கள். அவர்களைத் தெருவில் விடுவது நீதியன்று. ஆனால் இடம்பெயர்ந்திருந்தபோது மிகக் குறைந்த விலைக்குக் காணி எழுதியவர் முறையிட்டால், நேர்மையாக நடந்தது என்று காட்டும் பொறுப்பை வாங்கியவர் மீது வைக்கலாம். காணியைத் திருப்ப முடியாத இடத்தில் உரிய விலையையாவது நிரப்பச் செய்யலாம். இதற்கெனக் காலவரையறை கொண்ட ஒரு விசேட சபையை மாவட்டந்தோறும் அமைக்கலாம். பாதி விலை பற்றிய விதியும், நம்பிக்கைப் பொறுப்பு விதியும் ஏற்கனவே எமது சட்டத்தில் இருப்பதால், இது வெளியிலிருந்து இறக்குமதி செய்யும் புதுமையல்ல.

இன்று நாம் செய்யக் கூடியவை

அரசு செய்யும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் பேரில் வழக்கிட 6 ஆண்டுகள், எழுதப்படாததற்கு 3 ஆண்டுகள் என்பது பொதுவான எல்லை. ஆகவே சந்தேகம் உள்ளவர்கள் தாமதிக்கலாகாது. காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவை எடுத்துப் பாருங்கள். நேர்மையாக விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளின் கைக்குக் காணி போய்விட்டால் மீட்பது மிகக் கடினம். வழக்கிட்டால் வழக்கு நிலுவையில் உள்ளதை உடனே பதிவு செய்யும்படி சட்டத்தரணியைக் கேளுங்கள். அந்நாளில் பணம் கைமாறிய துண்டு, லொட்ஜ் பற்றுச்சீட்டு, இடம்பெயர்ந்தோர் பதிவு அட்டை எதையும் எறிய வேண்டாம். நீங்கள் எந்நிலையில் கையொப்பமிட்டீர்கள் என்பதற்கு அவையே சாட்சி. வசதியற்றோர் 1978இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதன் தலைமை அலுவலகம் கொழும்பு புதுக்கடையில் உள்ளது.

புதிதாக எழுதப் போகின்றவர்கள் விளங்காத மொழியில் உள்ள உறுதியைத் தமிழில் வாசித்து விளக்கும்படி நொத்தாரிசைக் கேளுங்கள். அது அவரது கடமை. வெற்றுத் தாளில் எவருக்காகவும் ஒப்பமிட வேண்டாம். கணவன் மட்டும் போய்க் கையொப்பமிட்டு வராமல், மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் கூட இருந்து கேட்கட்டும்.

திருச்சபைக்கும் ஒரு கடமை உண்டு. நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், பஞ்சத்தில் தானியத்துக்காக வயல்களை அடகு வைத்த மக்கள் கூக்குரலிடுகின்றனர். நெகேமியா கடன் கொடுத்தோரைச் சபை முன் கூட்டி, வயல்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார். வாங்கியவர்களும் அதே இனத்தவர், அதே ஆலயத்துக்குப் போகிறவர்கள். எங்கள் நிலையும் அதுவே. நெருக்கடியில் வாங்கியவர்களிற் பலர் எம்மவர்கள்; எமது ஆலயங்களில் எமக்கு அருகில் அமர்பவர்கள். அவர்களுடைய மனச்சாட்சியோடு பேச எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பங்குகள் தோறும் மாதத்தில் ஒரு நாள், ஒரு சட்டத்தரணியோடு உறுதிகளைப் பார்க்கும் அமர்வு ஒன்றை ஏற்படுத்தலாம். வாங்கியவரையும் விற்றவரையும் ஒரு மேசையில் அமர்த்தலாம்.

உறவுகளே, உங்கள் பெட்டியில் இருக்கும் அந்தத் தாளை எடுங்கள். திகதியைப் பாருங்கள், விலையைப் பாருங்கள், யார் யார் ஒப்பமிட்டார்கள் என்று பாருங்கள். அது செல்லுமா செல்லாதா என்பதைத் தரகரோ வாங்கியவரோ தீர்மானிக்க விடாதீர்கள். தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.